ஜெராக்ஸ் கடையில் விளையும் அறிவியல்

2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் பிடித்தது கன்னியாகுமரி மாவட்டம். 1893 முதல் கல்லூரிப் படிப்பு நடக்கும் ஊர் நாகர்கோவில். இப்பேர்ப்பட்ட மண்ணில் குவாண்டம் இயக்கவியலிலும் கரிம வேதியியலிலும் இளநிலை மாணவர் தேற எது காரணம்? கணக்கு அடிப்படை, ஆய்வகப் பழக்கம், கேள்வி கேட்கும் துணிவு என்று கல்வியாளர்கள் பட்டியல் போடுவார்கள். பாவம், ஜெராக்ஸ் கடைப் பக்கம் போகாதவர்கள். பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் 5 யூனிட்டும் சுருங்கி, சூடு ஆறாத 16 பக்கமாக, மூலையில் பின் அடித்து வெளிவருவது அங்கேதான். ஷ்ரோடிங்கர் சமன்பாட்டுக்கு மேலே மூன்று நட்சத்திரம் இருந்தால் மார்க் உறுதி. அது என்ன சொல்கிறது என்பது நட்சத்திரம் இல்லாத கேள்வி.

மறுப்பவர்கள் இருக்கிறார்கள். 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள், வெறும் விரிவுரை கேட்பவர்கள் வகுப்பில் விவாதித்துப் படிப்பவர்களைவிட ஒன்றரை மடங்கு அதிகம் தோற்கிறார்கள் என்று 2014இல் சொன்னார்கள். இருக்கலாம், அங்கே நோட்ஸ் சொல்லி எழுதவைக்க ஆள் இல்லை போலும். புரியாமல் தேறினால் பிற்பாடு என்ன ஆகும் என்பது அடுத்த கவலை. ஒன்றும் ஆகாது. தேறியவர் முதுநிலையும் முடித்து, ஆசிரியராகி, அதே 16 பக்கத்தை வகுப்பில் வாசிப்பார். அதில் பிழை இருந்தால் பிழையும் தலைமுறை தாண்டும். மரபு என்றால் சும்மாவா? இந்த ஏற்பாட்டில் இடிபடுவது ஒருவர்தான்: பாடநூலை முழுசாகப் படித்துவிட்டு, “ஏன் சார்?” என்று கேட்பவர். அவரையும் யாரும் கைவிடவில்லை. நவம்பரில் அரியர் எழுதலாம். அன்றைக்கும் கடை திறந்திருக்கும்.