ஆஃப் கிளட்ச் அண்ணன்

ஆர்.கே.பேட்டையில் கார் வைத்திருப்பவர்கள் இரண்டு வகை. கிளட்ச்மேல் கால் வைத்துக்கொண்டே ஓட்டுகிறவர்கள் ஒரு வகை. வைப்பதே இல்லை என்று சத்தியம் பண்ணிவிட்டு வைத்துக்கொண்டே ஓட்டுகிறவர்கள் மற்றொரு வகை. நம் அண்ணன் இரண்டாம் வகைக்குத் தலைவர்.

அண்ணனை ஒரு ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். விசைத்தறி ஷெட் ஒன்று, லுங்கி வியாபாரம், பேத்தி பெயரில் ஒரு மனை. கணக்குப் போடுவது தமிழில், பேரம் பேசுவது தெலுங்கில், கோபம் வந்தால் இரண்டும் கலந்து. தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் காது மட்டும் கூர்மை. ஷெட்டில் இருபது தறி ஒரே நேரத்தில் ஓடும்போது, வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்தபடியே, “டேய், மூணாவது தறியில ஊடை அறுந்துடுச்சு பாரு” என்பார். போய்ப் பார்த்தால் அறுந்திருக்கும். அதே மனிதர் காரில் ஏறிவிட்டால், கிளட்ச் போடும் கூச்சல் பள்ளிப்பட்டு வரை கேட்டாலும் அவருக்குக் கேட்காது.

கார் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்து இறக்குமதி. 1960 ஏப்ரலில் இந்தத் திருத்தணி வட்டாரம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரி, புத்தூர் எல்லாம் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டன. கோடு போட்டவர்கள் நிலத்துக்குத்தான் போட்டார்கள், செகண்ட் ஹாண்ட் கார் வியாபாரத்துக்குப் போடவில்லை. அண்ணன் வண்டி ‘ஏபி 03’ என்று சித்தூர் நம்பரோடு வந்தது. தடையில்லாச் சான்று வாங்கி, ஆயுள் வரி கட்டி, நம்பர் மாற்றியதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் எல்லைப் போராட்டத்தில் சிறை சென்றவர் மாதிரி இருக்கும். “ஒரே டாக்டர் ஓட்டின வண்டி. ஆஸ்பத்திரிக்கும் வூட்டுக்கும்தான் போயிருக்குது” என்று அன்றைக்குச் சொன்ன தரகர், இன்று வரை அந்த டாக்டரைக் கண்ணில் காட்டியதில்லை.

இப்போது இடது காலுக்கு வருவோம்.

கிளட்ச்சுக்கு இடப்பக்கம், கால் ஓய்வெடுக்கவென்றே கம்பெனிக்காரன் ஒரு சின்ன மேடை வைத்திருக்கிறான். அதில் அண்ணனுடைய செருப்பு ஓய்வெடுக்கிறது. வெறுங்காலோடு ஓட்டுவதுதான் வண்டிக்கு மரியாதை என்பது அவர் கட்சி. செருப்புக்கு மேடை போய்விட்டதால் காலுக்குப் போக்கிடம் கிளட்ச் பெடல்தான். அழுத்துவதில்லை, சும்மா வைத்திருக்கிறார். பேருக்குத்தான் சும்மா. ஐந்து விரலும் அதன் மேல் விழும்.

அந்தச் சும்மாவுக்குள் நடப்பது இதுதான். எஞ்சினோடு சேர்ந்து சுற்றுவது ஃப்ளைவீல். அதோடு ஒட்டி நிற்க வேண்டியது கிளட்ச் பிளேட். இரண்டையும் பிரியாமல் அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். கால் முழுக்க மேலே இருந்தால் மூன்றும் ஒன்றாகச் சுற்றும், தேய்மானம் இல்லை. முழுக்க அமுக்கினால் பிரிந்து நிற்கும், அப்போதும் பிளேட்டுக்குத் தேய்மானம் இல்லை. பாதியில் தொங்கவிட்டால்தான் வினை. பிடித்தும் பிடிக்காமலும் உரசிச் சூடேறி, பிளேட் பொடிப்பொடியாக உதிரும். கூடவே ரிலீஸ் பேரிங் ஓய்வில்லாமல் சுற்றிச் சுற்றி ஒருநாள் அழ ஆரம்பிக்கும்.

கிளட்ச்மேல் கால் வைத்து ஓட்டாதீர்கள் என்று வண்டியோடு வந்த கையேட்டிலேயே அச்சாகியிருக்கிறது. கையேடு டாஷ்போர்டுக்குள் பத்திரமாக, பிளாஸ்டிக் உறை கிழியாமல் இருக்கிறது. அதற்கு மேல் திருத்தணி முருகன் படம், பட்டறைப்பெரும்புதூர் டோல் ரசீதுகள், ஒரு விபூதிப் பொட்டலம். முருகனைத் தாண்டிக் கையேட்டை எடுக்க அண்ணனுக்கு மனம் வரவில்லை.

அவருடைய திறமை முழுக்க வெளிப்படும் இடம் திருத்தணி மலைப்பாதை. நடந்து போகிறவர்களுக்கு 365 படி. கார்க்காரர்களுக்கு வளைந்து ஏறும் ரோடு. ஆடிக் கிருத்திகை நெருங்கினால் அந்த ரோட்டில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாய் நிற்கும், அங்குலம் அங்குலமாக நகரும். மற்றவர்கள் ஹாண்ட் பிரேக் போட்டுவிட்டு நிம்மதியாக முறுக்குத் தின்கிறார்கள். அண்ணனுக்கு ஹாண்ட் பிரேக்மேல் நம்பிக்கை கிடையாது. “கேபிள்தானே? அறுந்துட்டா இன்னா பண்ணுவே?” என்பார். ஆகவே முதல் கியரைப் போட்டு, பாதிக் கிளட்ச்சில், ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து வண்டியை மலைமேல் அந்தரத்தில் நிறுத்திக் காட்டுவார். கொஞ்ச நேரத்தில் ஒரு வாசனை கிளம்பும்.

“ஏங்க, ஏதோ தீயற மாதிரி வாசனை வருதே?” என்பார் அண்ணி.

“கோயில் கிட்ட வந்துட்டோம்ல. கற்பூரம்.”

“கற்பூரம் இப்படியா நாறும்?”

“அப்போ முன்னாடி போற வண்டி. எவனுக்கோ ஓட்டத் தெரியலை.”

முன்னால் போகிறவரும் பின்னால் வருகிறவரைப் பற்றி இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் மலைப்பாதையின் விசேஷம். அந்த வரிசையில் பாதிப் பேர் அண்ணன்கள்.

அடுத்த மாதம் அறிகுறிகள் தொடங்கும். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் உறுமும், வண்டி நகர யோசிக்கும். ரிவர்ஸ் போட்டால் கறகறவென்று ஒரு சத்தம். காலையில் இரண்டாவது கியர் விழாது. அண்ணன் உடனே மெக்கானிக்கிடம் போய்விடுவார் என்று நினைத்தால் அவரை உங்களுக்குத் தெரியாது என்று பொருள். முதலில் டீக்கடை விசாரணை கமிஷன் கூடும். சோளிங்கர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் ‘பெட்ரோல் கலப்படம்’ என்பார். டிராக்டர் வைத்திருக்கிறவர் ‘கியர் ஆயில்’ என்பார். ஜோசியம் தெரிந்தவர் ‘அஷ்டமத்துச் சனி’ என்பார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் பெரியவர் மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “நாங்க அந்தக் காலத்துல டபுள் கிளட்ச் அடிச்சு கியர் மாத்துனவங்க. உனக்கு சிங்கிளே வரலை” என்பார். அவரை அதற்குப் பிறகு கமிஷனிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

கமிஷன் அறிக்கை வருவதற்குள் வண்டி நின்றுவிடும். பிறகுதான் கம்பெனி சர்வீஸ் சென்டர்.

அங்கே ஏசி இருக்கும், காபி இருக்கும், கையில் டேப்லெட்டோடு ஒரு தம்பி இருப்பார். எல்லாம் இலவசம் என்று தோன்றும். அந்தத் தம்பி ஹாண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விட்டுப் பார்ப்பார். நல்ல கிளட்ச்சாக இருந்தால் எஞ்சின் அந்த நிமிடமே அணைய வேண்டும். அண்ணன் வண்டியில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

“பார்த்தியா, எஞ்சின் எவ்ளோ ஸ்ட்ராங்கு!” என்பார் அண்ணன் பெருமையாக.

“சார், கிளட்ச் சுத்தமா போயிடுச்சு. செட்டா மாத்தணும். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங். கியர்பாக்ஸ் இறக்கித்தான் வேலை. ஃப்ளைவீல் எப்படி இருக்குன்னு இறக்கிப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்.”

“எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டிருக்கேனே?”

“கிளட்ச் தேய்மானப் பொருள் சார். வாரண்டியில வராது.”

“ஜி.எஸ்.டி. குறைஞ்சிடுச்சுன்னு பேப்பர்ல போட்டானே?”

“ஆமா சார். 2025 செப்டம்பர் 22லேருந்து ஸ்பேர்ஸுக்கு 28 சதவீதம் 18 ஆயிடுச்சு. குறைஞ்ச ரேட்டுதான் சார் இது.”

எஸ்டிமேட்டைப் பார்த்ததும் அண்ணன் முதலில் தேடுவது தன் மூக்குக் கண்ணாடியை. அது மூக்கில்தான் இருக்கிறது. கிளட்ச்சுக்கு ஒரு வரி, கூலிக்கு ஒரு வரி, கியர் ஆயிலுக்கு ஒரு வரி என்று வருகிறவரை அவர் பொறுமையாகத் தலையாட்டுகிறார். ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ என்ற இடத்தில் தலை நிற்கிறது. ‘எஞ்சின் டிரெஸ்ஸிங்’ என்ற இடத்தில் எழுந்துவிடுகிறார்.

“எஞ்சினுக்கு டிரெஸ் எதுக்குப்பா? அப்படியே வேணும்னாலும் லுங்கி நான் தர்றேன். நம்ம ஷெட்டு சரக்கு, சாயம் போகாது.”

அவர் ஆத்திரத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் தங்கள் டீலர்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டதற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் பதினான்கு கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கம்பெனிகள் கோர்ட்டு, மேல்முறையீடு என்று கிளம்பின. வாங்கிய பொருளை விருப்பப்பட்ட இடத்தில் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் தினத்தில், ஒரு இணையதளமே திறந்தது. இந்தச் செய்திகளைச் சொன்னால் அண்ணன் முகம் மலர்ந்துவிடும். “நான் சொல்லலை? எல்லாம் கம்பெனிக்காரன் பண்ற வேலை!” என்பார். கம்பெனிக்காரன் செய்த வேலைக்கு ஆணையம் இருக்கிறது. இடது கால் செய்த வேலையை விசாரிக்க எந்த ஆணையமும் இல்லை என்பதுதான் அவருடைய பலம்.

பாதிக்குப் பாதி பேரம் பேசிப் பார்த்து, அது நடக்காமல், கொடுத்த காபியை மட்டும் முழுதாகக் குடித்துவிட்டு, வண்டியை இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் திரும்புவார். அப்புறம் வேப்பமரத்தடி ஒர்க்‌ஷாப். மெக்கானிக் தம்பி பானெட்டைத் திறக்கவே மாட்டான். அண்ணனுடைய இடது காலைப் பார்ப்பான்.

“அண்ணா, போன தடவையே சொன்னேன்.”

“நீ வேலையைப் பாரு.”

சாமான் சென்னை ஜி.பி. ரோட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும். அதிலும் அண்ணனுக்கு ஒரு சபலம். “புதுப்பேட்டையில பழசு கிடைக்கும்ங்கறாங்களே?” என்பார். “உங்க வண்டியில இருக்கறதே பழசுதாண்ணா” என்று தம்பி வாயை அடைப்பான். கியர்பாக்ஸ் இறங்கும். புது பிளேட் நடு மையத்தில் உட்கார வேண்டும். கொஞ்சம் விலகினாலும் கியர்பாக்ஸ் திரும்ப ஏறாது. அதற்கென்று கம்பெனியில் தனிக் கருவி உண்டு. தம்பியிடம் இருப்பது ஏதோ ஒரு பழைய கியர்பாக்ஸிலிருந்து கழற்றிய ஷாஃப்ட். அதைச் செருகி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, போல்ட்டை முடுக்குவான். கம்பெனி எஸ்டிமேட்டில் முக்கால் பங்குக்குள் வேலை முடிந்துவிடும். மிச்சமான பணத்தை அண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லியே டீயில் செலவழித்துவிடுவார்.

புது கிளட்ச் பிடிக்கிற இடம் வேறு. பழைய பழக்கத்தில் காலை எடுத்தவுடன் பஸ் ஸ்டாண்டு நடுவில் வண்டி குலுங்கி அணையும். பின்னால் பொதட்டூர்பேட்டை பஸ் ஹாரன் அடிக்கும். “என்னமோ மாத்திப்புட்டான்யா” என்று மெக்கானிக்கைத் திட்டுவார். மூன்றாம் நாள் கை கால் பழகிவிடும். நான்காம் நாள் செருப்பு மேடைக்கும் கால் பெடலுக்கும் போய்விடும்.

இதைப் பார்க்கச் சகிக்காத மகன், “நைனா, பேசாம கியர் இல்லாத வண்டி வாங்கிடலாம்” என்பான். 2014இல் செலேரியோவில் தொடங்கி, கிளட்ச் பெடல் இல்லாத வண்டி சின்னக் கார் விலைக்கே வந்துவிட்டது. “கியர் போடாம ஓட்டறதெல்லாம் ஓட்டறதா? அதுக்கு பஸ்ல உக்காந்து போயிடலாம்” என்பார் அண்ணன். அந்த வகை வண்டிக்குள்ளும் அதே கியர்பாக்ஸ், அதே கிளட்ச் பிளேட்தான், காலுக்குப் பதிலாக ஒரு இயந்திரம் அமுக்குகிறது என்று மகன் விளக்குவான். அண்ணன் முகத்தில் ஒரு நிம்மதி படரும். “அப்போ அதுவும் ஒருநாள் போயிடும்ல?” என்று கேட்டுக்கொள்வார். மகன் அத்தோடு விட்டுவிடுவான்.

டீலர் பில் சில இடங்களில் அநியாயம்தான். அதைக் கேள்வி கேட்கவும் வேண்டும். எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். கேட்காத வேலைகளை அடிக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பிளேட்டைக் கையில் கேட்டு வாங்கிப் பாருங்கள். அது எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் பில்லில் எவ்வளவு டீலருடையது, எவ்வளவு நம்முடையது என்று ஓரளவு பிடிபடும். மேட்டில் நின்றால் ஹாண்ட் பிரேக்கைப் போடுங்கள். அது அறுந்தால் மாற்றும் செலவு, கிளட்ச் செட்டுக்கு ஆகும் செலவில் சின்னப் பங்கு.

முக்கியமாக, இதைப் படித்துவிட்டு ‘நம்ம பக்கத்து வீட்டுக்காரர் இப்படித்தான்’ என்று சிரிக்கிறவர்கள், அடுத்த முறை காரில் ஏறியதும் முதலில் செருப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.