தரைப் பலகையும் எரியும்

மண்பாண்டம் வனையப் பழகியவருக்குச் சில மாதங்களில் ஒரு ஞானோதயம் வருகிறது: கடையில் விற்கும் கிளேஸ் என்னும் பளபளப்புப் பூச்சு ஆகாது, சொந்தமாகக் கலக்க வேண்டும். தராசு, சல்லடை, வாளிகள் வந்து இறங்குகின்றன. வீட்டில் ஓர் அறை பறிபோகிறது.

குறிப்பென்னவோ எளிதுதான். மண்பாண்டக் கலைஞர் பெர்னார்ட் லீச்சின் பெயரோடு வழங்குவது இது: ஃபெல்ட்ஸ்பார் நாலு பங்கு, சிலிக்கா மூன்று, சுண்ணாம்புத்தூள் இரண்டு, சீனக்களிமண் ஒன்று. ஒண்ணாம் வகுப்புக் குழந்தையும் ஒப்பித்துவிடும்.

சூளைதான் ஒப்பிக்காது. சுமார் 1,280 டிகிரி செல்சியஸில் அது தன் இஷ்டத்துக்கு நடக்கும். கறுப்பாக உள்ளே போன கோபால்ட் ஆக்சைடு நீலமாக வெளியே வரும். பச்சைத் தாமிரக் கார்பனேட், காற்று குறைந்த சூளையில் சிவப்பாகிவிடும். பூச்சு சற்றே தடித்தால் வழிந்தோடி, கோப்பையும் சூளைத் தட்டும் பிரிக்க முடியாத தம்பதியாகிவிடும். கலைஞர் இதைப் ‘பரிசோதனை’ என்பார்.

இந்தக் குலத்துக்கு மூத்தவர் 16-ஆம் நூற்றாண்டு பிரான்சின் பெர்னார்ட் பாலிசி. வெள்ளைப் பூச்சின் ரகசியம் தேடிப் பல்லாண்டு கடனில் மூழ்கினார். விறகு தீர்ந்ததும் மேசைகள் சூளைக்குள் போயின. பிறகு வீட்டுத் தரைப் பலகைகள். துணைநிற்க வேண்டியவர்களே ‘தரையை எரிக்கிறான்’ என்று ஊரெங்கும் கூவினார்களாம். அவரே எழுதிவைத்திருக்கிறார்.

இப்போது மின்சூளை இருப்பதால் மேசை நாற்காலி தப்பித்தது. நுரையீரல் தப்பவில்லை: சிலிக்காத் தூசு அதை நிரந்தரமாகக் கெடுக்கும். கலக்கும்போது தூசு வடிகட்டும் முகமூடி போடுங்கள். ஈயம் கலந்த பூச்சைச் சோற்றுத் தட்டில் பூசாதீர்கள்.