துரைமாருக்கு வந்த ஜீவகாருண்யம்

1877-ல் நீலகிரித் துரைமார்கள் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். பெயர் நீலகிரி கேம் அசோசியேஷன். நோக்கம், வேட்டை விலங்குகளைக் காப்பாற்றுவது. யாரிடமிருந்து என்று கேட்டுவிடாதீர்கள். துரைகளிடமிருந்துதான்.

அதற்கு முந்தைய ஐம்பது வருஷக் கூத்து அப்படி. உடம்பு தேற ஊட்டிக்கு வந்த ராணுவ அதிகாரி, உடம்பு தேறியதும் முதல் வேலையாகத் துப்பாக்கியைத் துடைத்தார். கடமான், காட்டுமாடு, வரையாடு, பெட்டை, குட்டி என்ற பேதமெல்லாம் பார்க்கவில்லை. கடைசியில் மூச்சிரைக்க மலையேறிப் போனால் சுடுவதற்கு ஒன்றும் இல்லை. அப்போதுதான் ஜீவகாருண்யம் பிறந்தது.

வரையாட்டைச் சுடுவது லேசுப்பட்ட காரியமில்லை. பாறை விளிம்பில் நின்றபடி பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டிருக்கும். எதிரி கீழேயிருந்துதான் வருவான் என்பது அதன் பரம்பரை நம்பிக்கை. ஆகவே துரை மலையைச் சுற்றிக்கொண்டு உச்சிக்குப் போய், ஈரப் புல்லில் வயிற்றால் ஊர்ந்து, தலைக்கு மேலிருந்து சுடுவார். குண்டு பட்ட கிடா நேராகப் பள்ளத்தில் உருளும். அடியில் போய்ச் சேரும்போது கொம்பு நொறுங்கியிருக்கும். நொறுங்கிய கொம்பைச் சுவரில் மாட்ட முடியுமா? இன்னொன்றைச் சுட வேண்டியதுதான்.

1879-ல் சட்டமும் வந்தது. இன்ன மாதங்களில் சுடக்கூடாது, லைசென்ஸ் வேண்டும், வரையாட்டில் பெட்டை கூடாது, முதுகில் நரைத்த திட்டு விழுந்த கிழக்கிடா மட்டும் என்று விதிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கண்ணி வைத்துப் பிடித்துக் குழம்பு வைத்தவன் திருடன் ஆனான். சுட்டுத் தலையை வெட்டி வரவேற்பறையில் மாட்டியவர் ஸ்போர்ட்ஸ்மேன்.

பாவம், செந்நாய். அதற்கு லைசென்ஸ் வாங்கத் தெரியவில்லை. துரைக்கு ஒதுக்கிய மானை முன்அனுமதியின்றித் தின்றதால், அதைக் கொன்று வந்தவனுக்குச் சங்கமே இனாம் கொடுத்தது. குள்ளநரியின் தலையெழுத்து வேறு. இங்கிலாந்தில் சிவப்புக் கோட்டும் வேட்டை நாய்க் கூட்டமுமாகக் குதிரையில் துரத்த அங்கத்து நரி இருந்தது. ஊட்டியில் அது இல்லாததால் நம் குள்ளநரிக்கு ஆக்டிங் உத்தியோகம் கொடுத்து வென்லாக் டவுன்ஸ் புல்வெளி முழுக்க ஓடவிட்டார்கள்.

இவ்வளவு நக்கல் அடித்தாலும், வயிற்றெரிச்சலோடு ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். திட்டம் பலித்தது. அடுத்த சீசனுக்கு ஆடு வேண்டுமே என்ற சுயநலத்தில் காவல்காரர் போட்டார்கள், கணக்கு வைத்தார்கள். மூணாறில் தேயிலைத் துரைமார்கள் தங்கள் வேட்டைக்கென்று இரவிகுளத்தை ஒதுக்கிவைத்ததால் அங்கே தேயிலை ஏறவில்லை. 1975-ல் சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா. இன்றைக்கும் அங்கே வரையாடு கூட்டம் கூட்டமாக மேய்கிறது. ஆட்டுக்கு என்ன, காப்பாற்றியவனின் உள்நோக்கத்தையா மெல்லப் போகிறது?

துப்பாக்கியே தூக்காத நல்லவர்கள்தான் பிறகு அதன் வாயில் மண்ணைப் போட்டார்கள். நீலகிரியின் புல்வெளியைப் பார்த்த வெள்ளைக்கார சர்க்காருக்கும் சரி, நம் சர்க்காருக்கும் சரி, சும்மா கிடக்கும் நிலமாகத்தான் பட்டது. தோல் பதனிட வாட்டில் மரம், விறகுக்கும் கூழுக்கும் யூகலிப்டஸ், போதாததற்குப் பைன் என்று நட்டுத் தள்ளினார்கள். மரம் நடுவது புண்ணியம் என்று அந்த ஆட்டுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அது புல்லைத் தேடிக்கொண்டிருந்தது.

1972 வனவிலங்குச் சட்டத்தோடு சுடுகிற கதை முடிந்தது. சங்கத்தார் பெயரை மாற்றிக்கொண்டு வனவிலங்கு, சுற்றுச்சூழல் என்று பேச ஆரம்பித்தார்கள். 1975-ல் மலைமலையாக ஏறி வரையாட்டை எண்ணியவர் குன்னூர் வக்கீல் ஈ.ஆர்.சி. டேவிதார். அவர் நினைவாகத்தான் அக்டோபர் 7-ஐ வரையாடு தினம் என்று தமிழக அரசு கொண்டாடுகிறது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 தேறின.

வனத்துறை இப்போது அதே வாட்டிலைப் பணம் செலவழித்து வேரோடு பிடுங்குகிறது. பிடுங்கிய இடத்தில், மண்ணுக்குள் வருஷக்கணக்காகக் கிடந்த விதை மறுபடி முளைக்கிறது. வாட்டிலைச் சுட லைசென்ஸ் கொடுத்திருந்தால் துரைமார்கள் இரண்டு சீசனில் ஒழித்துக்கட்டியிருப்பார்கள்.