குப்பன் கொல்லை

மச்சினன் வீடு மாறியபோது லாரியில் இடமில்லாமல் எங்கள் வீட்டு வாசலில் இறங்கியது அந்தக் கண்ணாடித் தொட்டி. "சும்மா வெச்சிருங்க மச்சான், அப்புறம் எடுத்துக்கிறேன்" என்றான். அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை. வெறும் தொட்டியைப் பார்க்கச் சகிக்காமல் மீன் கடைக்குப் போனேன். கடைத்தம்பி என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "ஆரம்பத்துக்குக் கப்பி வாங்கிக்கங்க சார். செத்துப்போனாலும் மனசு கஷ்டப்படாது" என்றார். ஆளை எடைபோடுவதில் கெட்டிக்காரர்.

அன்று மாலை மாடி வீட்டுப் பையன் தொட்டியில் மூக்கை அழுத்திக்கொண்டு கேட்டான்: "ஏன் அங்கிள் இதுக்குக் கப்பின்னு பேரு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஐம்பத்தெட்டு வயதுக்குள் அந்த ஒரு சொல் மட்டும் என் வாயில் பழகவில்லை. "கிணத்துல தண்ணி இறைக்கிற கப்பி பாத்திருக்கியா? சுத்திக்கிட்டே இருக்கும். இதுவும் தொட்டிய சுத்திக்கிட்டே இருக்குல்ல, அதான்" என்றேன். பையன் கிணறே பார்த்ததில்லை. ஆனாலும் தலையாட்டினான். அறிவை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றிவிட்ட நிறைவோடு தோசை சாப்பிட்டேன்.

மறுநாள் போனில் இதைப் பெருமையாகச் சொன்னபோது மகள் சிரித்தாள். "அப்பா, அது ஒரு ஆளோட குடும்பப் பேரு. இங்கிலீஷ்காரங்க பேரு." அன்று தொடங்கியது வினை.

தேடிப் பார்த்தால் அவள் சொன்னது சரிதான். ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி. 1836இல் லண்டனில் பிறந்து 1916இல் டிரினிடாடில் இறந்தவர். இளம் வயதில் நியூசிலாந்துக் கரையில் கப்பல் உடைந்து, மாவோரி மக்களிடையே சில காலம் வாழ்ந்திருக்கிறார். பிறகு டிரினிடாடில் பள்ளிக்கூட ஆய்வாளர் வேலை. அவர் மனம் போனதெல்லாம் பாறைகளின் மீதும் புதைபடிவச் சிப்பிகளின் மீதும்தான். இடையில் ஓடை மீன் சிலவற்றை லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கிருந்த ஆல்பர்ட் குந்தர் 1866இல் அதைப் புதிய இனம் என்று கருதி, அனுப்பியவர் பெயரையே அதற்கு வைத்தார். ஆயுள் முழுக்கச் சிப்பி பொறுக்கியவரை உலகம் மீன்காரராக நினைவில் வைத்திருக்கிறது.

இதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு காலை நடைக்குப் போனேன். கூட நடப்பவர் ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர். "சார், கப்பி மீனைக் கண்டுபிடிச்சதே கப்பிங்கிற ஒருத்தர்தான் தெரியுமா?" என்றேன். அவர் நடையைக்கூடக் குறைக்கவில்லை. "பீட்டர்ஸ். பெர்லின். 1859. வெனிசுலா மீனை வெச்சு எழுதிட்டாரே. முதல்ல வெச்ச பேருதான் செல்லும். குந்தர் வெச்சது தள்ளுபடி." அவர் பேச்சே தந்தி மாதிரி இருக்கும். அறிவியல் ஏட்டில் தள்ளுபடியான பெயர் மீன் கடைப் பலகையில் எப்படி நிலைத்தது என்று கேட்டேன். "அது மக்கள் தீர்ப்பு" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார்.

தோற்றவனுக்கு வேகம் அதிகம். மீன் போகட்டும், அந்தக் குடும்பப் பெயரின் வேரையே பிடுங்கிக் காட்டுகிறேன் என்று நோட்டு வாங்கினேன். இதில் ஒரு வேடிக்கை, எனக்குக் குடும்பப் பெயரே கிடையாது. இருப்பதெல்லாம் அப்பா பெயரின் முதலெழுத்து ஒன்று. ஒரு விண்ணப்பத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பாமல் விடமாட்டேன் என்று கணினி அடம்பிடித்தபோது, அங்கே அப்பா பெயரை எழுதினேன். அந்த அலுவலகத்தில் மூன்று முறை அப்பாவை அழைத்தார்கள். அவர் இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. நான்காம் முறைதான் எனக்கு உறைத்தது. இப்படிப்பட்டவன் இங்கிலாந்துக் குடும்பப் பெயர் ஆராயக் கிளம்பினேன்.

முதல் வேலையாக வரைபடத்தில் கப்பி என்ற ஊரைத் தேடினேன். எங்கள் ஊரிலுள்ள நான்கு மீன் கடைகளைக் காட்டியது.

இரண்டாவதாக வம்ச விருட்சம். பிரிஸ்டல் நகரத்து சாரா கப்பி கிடைத்தார். 1770இல் பிறந்து 1852இல் மறைந்தவர். ஆற்றில் பாலத்துக்கு அடிமுளை பாய்ச்சும் முறைக்கு 1811இல் காப்புரிமை வாங்கியவர். அவர் மகன் தாமஸ் ரிச்சர்ட் கப்பி, புருனெல் என்ற பெரும் பொறியாளரோடு சேர்ந்து நீராவிக் கப்பல் கட்டியவர். "கப்பி ரத்தத்திலேயே கண்டுபிடிப்பு ஓடுது. பிரிஸ்டல் தொங்குபாலமே அந்தம்மா போட்டதுதான்" என்று மனைவியிடம் அளந்தேன். இரண்டும் பொய். அந்தப் பாலம் புருனெல் வரைந்தது. சாரா பிறந்ததோ பீச் என்ற குடும்பத்தில்; கப்பி என்பது வாழ்க்கைப்பட்டு வந்த பெயர். ரத்தத்தில் ஓடியது பீச் வீட்டுக் கண்டுபிடிப்பு. உண்மையில் அவர் செய்ததில் ஒன்று, தேநீர் கொதிக்கும் பாத்திரத்தின் ஆவியிலேயே முட்டையும் வேகும், ரொட்டியும் சூடாக இருக்கும் என்று ஓர் ஏற்பாடு. அதைக் கேட்ட மனைவி சொன்னாள்: "ஒரே அடுப்புல மூணு வேலை பாத்திருக்கு அந்தம்மா. நீங்க மூணு வாரமா ஒரு நோட்டை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

மூன்றாவது சறுக்கலைச் சொல்ல இப்போதும் கூச்சம். லண்டன் வக்கீல் ஆபீசில் வில்லியம் கப்பி என்று ஒரு குமாஸ்தா கிடைத்தார். ஒரு பெண்ணிடம் கல்யாணப் பேச்சு எடுத்து, அவள் மறுத்துவிட, பிற்பாடு நோய்த் தழும்பு விழுந்த அவள் முகத்தைப் பார்த்ததும், அந்தப் பேச்சு முடிந்துபோனது என்று அவள் வாயாலேயே சாட்சி வைத்துச் சொல்ல வைத்தவர். அற்பன் என்று பட்டாலும் ஆராய்ச்சியாளனுக்கு விருப்பு வெறுப்பு கூடாதே என்று, மரத்தில் டிரினிடாட் கப்பிக்குச் சித்தப்பா முறையில் உட்கார வைத்தேன். பக்கத்தில் கேள்விக்குறிகூடப் போடவில்லை. மகள் விடுமுறைக்கு வந்து நோட்டைப் புரட்டினாள். "அப்பா, இவரு டிக்கன்ஸ் நாவல்ல வர்றவரு." ப்ளீக் ஹவுஸ், 1852–53இல் தொடராக வந்தது. பாத்திரத்தை உறவுமுறை வைத்து மரத்தில் ஏற்றிய ஆராய்ச்சி என்னுடையது.

ஒருவழியாக ஊர் பிடிபட்டது. இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்செட் கவுண்டி. அதன் மேற்கு ஓரத்தில் வூட்டன் ஃபிட்ஸ்பெயின் என்ற சிற்றூர். அங்கே கப்பி என்று ஓர் இடம். பண்ணை நிலம்தான், ஊர் என்று சொல்லவே தயங்க வேண்டும். பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள், குப்பா என்பவனின் வேலியடைத்த நிலம். மீனுக்கும் பெயருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

குப்பா! பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன் என்று பெயரிடுவார்களே, அந்தக் குப்பன்தானே? வேலியடைத்த நிலம் என்றால் கொல்லை. குப்பன் கொல்லை! டீக்கடையில் அறிவித்துவிட்டேன்: டார்செட்டில் தமிழன் கொல்லை போட்டிருக்கிறான். இரண்டு நாள் எனக்கு டீ இலவசம். மூன்றாம் நாள் பேராசிரியர் வந்தார். "ஒலி ஒத்துப்போனா உறவாயிடுமா சார்? எங்க தெரு நாய் பேரு சீசர்" என்றார். மூன்று டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு எழுந்தேன்.

ஆனால் அந்த அவமானத்துக்குள்ளும் ஒரு விஷயம் விளங்கியது. ஊர்ப்பெயர் எப்படிக் குடும்பப் பெயராகிறது? குப்பா கொல்லையிலேயே இருப்பவனைக் கப்பிக்காரன் என்று கூப்பிட யாருக்கும் தேவை இல்லை. காரைக்குடியில் எவரையும் காரைக்குடிக்காரர் என்பதில்லையே. அவன் அடுத்த ஊருக்குப் பிழைக்கப் போனால்தான் அந்தப் பெயர் ஒட்டும். அரியக்குடி என்றாலே நமக்குப் பாடகர் நினைவுக்கு வருகிறார், ஊர் வருவதில்லை. நம்மிடம் அது அவரோடு முடிந்தது. இங்கிலாந்திலோ 1066 நார்மன் படையெடுப்புக்குப் பின் மேல்தட்டில் தொடங்கி, 1400 வாக்கில் பெரும்பாலோரிடம் பெயர் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் சொத்தாகிவிட்டது. ஆக, ஒரு பெயர் பிறப்பதற்கு முதல் நிபந்தனை சொந்த ஊரை விட்டுப் போவது.

போனவர்களும் வெகுதூரம் போகவில்லை. நூற்றாண்டுகள் கழித்தும் கப்பிகள் பெரும்பாலும் டார்செட்டையும் அதையடுத்த கவுண்டிகளையுமே சுற்றிச்சுற்றி இருந்தார்கள். அரிய பெயர்களின் குணமே இதுதான். ஸ்மித் என்ற கொல்லர் ஊருக்கு ஊர் இருப்பார். குப்பா கொல்லை ஒன்றுதான். எந்தப் பெயர் எங்கே வேர் விட்டிருக்கிறது என்று முதலில் நாடு முழுக்க எண்ணிப் பார்த்தவர்களில் ஒருவரும் ஒரு கப்பி என்பதுதான் இதில் சுவை. ஹென்றி புரோம் கப்பி, கடற்படை மருத்துவர். 1890இல் வெளியான அவர் புத்தகத்தின் உத்தி எளிமையானது. இடம் பெயராத மனிதர் யார்? உழவர். எனவே கவுண்டி வாரியாக வந்த கெல்லி டைரக்டரிகளை எடுத்துவைத்துக்கொண்டு, உழவர் பெயர்களை மட்டும் பத்தாயிரத்துக்கு இத்தனை என்று கணக்கிட்டார். நாடெங்கும் இருக்கும் பெயர் முதல் ஒரே கவுண்டியில் தலைகாட்டும் பெயர் வரை வகுப்புப் பிரித்தார். இதே மனிதர்தான் சாலமன் தீவுகளுக்குக் கப்பலில் போனவர். விதைகள் கடலில் மிதந்து எந்தக் கரையில் ஒதுங்கி முளைக்கின்றன என்று பசிபிக் தீவுகளில் ஆராய்ந்தவர். உழவனையும் விதையையும் பார்த்து அவர் கேட்டது ஒரே கேள்வி: எது நிற்கிறது, எது போகிறது?

அப்படியானால் எல்லாக் கப்பிகளும் ஒரே தாத்தாவின் வாரிசுகளா? ஆமாம் என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். பிறகுதான் சைக்ஸ் கதையைப் படித்தேன். பிரையன் சைக்ஸ் என்ற ஆக்ஸ்ஃபோர்டு மரபணு அறிஞர், தன் குடும்பப் பெயர் கொண்ட ஆண்கள் 48 பேரின் மரபணுவைச் சோதித்து 2000இல் வெளியிட்டார். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஒய் குரோமோசோம் ஒரே அச்சு. ஒரே மூதாதை இருந்திருக்கலாம் என்பதற்கு அது வலுவான சான்று. மீதிப் பாதி? தத்துப்பிள்ளை இருக்கும், தாய்வழிப் பெயர் எடுத்தவர் இருப்பார், வெளியே சொல்லாத கதைகளும் இருக்கும். அதுவும் ஊர்ப்பெயர் என்றால், ஒரே கொல்லையிலிருந்து சம்பந்தமில்லாத இரண்டு பேர் கிளம்பியிருக்கக் கூடாதா? சிவப்பு மையை அழிக்க முடியவில்லை. அந்தப் பக்கத்தையே கிழித்தேன்.

எண்ணிப் பார்ப்பது சுலபம் என்று நினைத்து, ஹென்றி வழியில் தொட்டி மீன்களையாவது கணக்கெடுக்க உட்கார்ந்தேன். நான்கு மீனோடு தொடங்கியது. கப்பி முட்டையிடுவதில்லை, குட்டியாகவே போடுகிறது. ஒருமுறை ஆணோடு சேர்ந்தால், தாய் அந்த விந்தைச் சேமித்துவைத்து மாதக்கணக்கில் ஈனுகிறது. நாற்பத்தொன்று என்று எண்ணி எழுதி, பேனாவை மூடித் திரும்பினால் முப்பத்தாறு. தாயே ஐந்தை விழுங்கியிருந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இப்படி ஒரு சிக்கல் எந்த அதிகாரிக்கும் வந்திருக்காது.

விழுங்கியும் தீரவில்லை. தொட்டி நிரம்பியது, குடம் நிரம்பியது, மனைவி கல்யாண அண்டாவை எடுக்கப் போனால் அதிலும் மீன். ஒரு விடியற்காலை யாருக்கும் தெரியாமல் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருக்கோடிக் குளத்தில் கவிழ்த்தேன். கொசுப்புழுவைத் தின்னும், ஊருக்கு உபகாரம் என்று சமாதானம் வேறு. பேராசிரியரிடம் அதையும் சொல்லித் தொலைத்தேன். அவர் முதல்முறையாக நின்றார். கொசுவை ஒழிக்க என்று இப்படித்தான் உலகமெங்கும் கொண்டுபோய் விட்டார்கள், போன இடத்திலெல்லாம் அந்தந்த ஊர்ச் சிறுமீன்களுக்குப் போட்டியாகிவிட்டது, தொட்டி மீனைக் குளத்தில் விடவே கூடாது என்றார். தந்தியில் வராத நீளமான வாக்கியங்கள். என்மேல் உண்மையிலேயே கோபம் என்று புரிந்தது.

ஐந்நூறு ஆண்டுகளாக டார்செட்டைத் தாண்டத் தயங்கிய ஒரு பெயரை எங்கள் குளத்தில் பரப்பிய புண்ணியம் எனக்கு. உள்ளூர் அயிரை என்னை என்ன சொல்லித் திட்டுகிறதோ.

பிடிக்க முடிந்ததைப் பிடித்து வரலாம் என்று வலைக்கரண்டியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். படித்துறையில் நாலைந்து பையன்கள் துண்டை விரித்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் இல்லை, அக்கரைத் தெருக்காரர்கள். ஒருவன் கண்ணாடிப் பாட்டிலை உயர்த்திக் காட்டி, "இது கப்பி மீன்டா" என்றான்.

"ஏன் கப்பி?" என்றான் சின்னவன்.

"கிணத்துக் கப்பி மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும்ல, அதான். எங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும்."

அவர்கள் பள்ளிக்கூடத்தில்தான் எங்கள் மாடி வீட்டுப் பையனும் படிக்கிறான். டார்செட், டிரினிடாட், குந்தர், பீட்டர்ஸ் எல்லாம் தொண்டைவரை வந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் சின்னவன் என் பக்கம் திரும்பி, "அப்படியா தாத்தா?" என்று கேட்டான்.

அங்கிள் இல்லை, தாத்தா. அந்த அதிர்ச்சியில் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.