பழியேற்பு விதி: அப்பாவின் கணினியில் லினக்ஸ் ஏற்றியது குறித்து ஓர் ஆய்வு

வீட்டுக் கணினியில் லினக்ஸ் போடுவது எப்படி என்று விளக்கும் நூல்கள் உண்டு. போட்ட பிறகு வீட்டில் என்ன நடக்கும் என்று விளக்கும் நூல் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்களம்: திருச்சி கே.கே. நகரில் ஒரு மாடி வீடு. ஆய்வுப்பொருள்: 2014இல் வாங்கிய மேசைக் கணினி, நினைவகம் 4 ஜிபி. தகவலாளிகள் இருவர். ஒருவர் அப்பா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பென்ஷனர் சங்கத்தின் அறிவிப்புகளைத் தட்டச்சு செய்பவர். மற்றவர் அம்மா. கணினியைத் தொட்டதில்லை, ஆனால் அதைப் பற்றிய இறுதித் தீர்ப்பு அவருடையது. ஆய்வாளர் மூத்த மகன். ஆய்வாளரே குற்றவாளியாகவும் இருக்கும் ஆய்வில் நடுநிலை இருக்குமா என்று கேட்பார்கள். இருக்காது.

கருதுகோளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் ஏறிய வீட்டில் அதன்பின் எது கெட்டாலும் அது லினக்ஸால் கெட்டதே. ஆகவே ஏற்றியவனால் கெட்டதே. இதற்குப் பழியேற்பு விதி என்று பெயரிட்டுள்ளேன்.

சொல்லாராய்ச்சி

இயங்குதளம் என்று நான் எழுதுகிறேன். தமிழ்நாட்டுப் பாடநூல் இயக்க அமைப்பு என்கிறது, இலங்கைப் பாடநூல் பணிசெயல் முறைமை என்கிறது. எங்கள் தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைத் தம்பி ஓ.எஸ். என்பார். அவர் அகராதிப்படி ஓ.எஸ். ‘போடப்படும்’, ஃபார்மேட் ‘அடிக்கப்படும்’. இந்த அடித்தல் வெள்ளை அடிப்பதைப் போலப் பழையதன்மேல் புதியது பூசுவதைக் குறிக்கும் என்பர் ஒரு சாரார். அடித்த பிறகு உள்ளே இருந்த கல்யாண போட்டோ எதுவும் மிஞ்சாததால் நேரான பொருளிலேயே அடிதான் என்பர் அனுபவப்பட்டோர். பின்னதே பொருந்தும்.

லினக்ஸ் என்ற பெயரிலும் ஒரு வீட்டுக்கதை உண்டு. 1991 ஆகஸ்ட் 25 அன்று, தான் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாகவும் அது வெறும் பொழுதுபோக்குத்தான் என்றும் அறிவித்த ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், அதற்கு வைக்க நினைத்த பெயர் ஃப்ரீக்ஸ். கோப்புகளை வைக்க இடம் கொடுத்த ஆரி லெம்கே, கேட்காமல் கொள்ளாமல் அந்தக் கோப்புறைக்கு லினக்ஸ் என்று பெயர் போட்டுவிட்டார். அதுவே நிலைத்தது. இடம் கொடுத்தவர் பெயர் வைப்பது உலக வழக்கு. க்னூ/லினக்ஸ் என்று சொல்ல வேண்டும் என்பது ரிச்சர்ட் ஸ்டால்மேன் கட்சி. 1983இலேயே க்னூ திட்டத்தை அறிவித்தவர் அவர். லினஸ் தந்தது கருவை மட்டும், உடம்பில் பாதி எங்களுடையது என்கிறார். தாய்மாமன் மரியாதை கேட்பது போன்ற வழக்கு இது. நியாயம் அவர் பக்கம்தான். ஆனாலும் அம்மாவிடம் ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் சொல்லித் தப்பிக்கும் தெம்பு எனக்கில்லை.

நான் தேர்ந்தெடுத்தது லினக்ஸ் மின்ட், சின்னமன் பதிப்பு. மின்ட் புதினா, சின்னமன் பட்டை. “புதினா, பட்டை... கம்ப்யூட்டர்ல பிரியாணியாடா ஏத்துற?” என்றார் அம்மா. இதைவிட நல்ல மொழிபெயர்ப்பு இதுவரை வரவில்லை. 2006இல் வந்த முதல் வெளியீடான ஏடா தொட்டு, ஒவ்வொரு மின்ட்டுக்கும் ஒரு பெண்ணின் பெயரைச் சூட்டுவது மரபு. நான் ஏற்றிய 22.2க்கு ஸாரா என்று பெயர். அப்பா திரையை எழுத்துக்கூட்டிப் படித்து, “ஸாராங்கிறது யாருடா?” என்று உரக்கக் கேட்டார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. ஆய்வாளர் விளக்கம் சொல்லச் சற்றுத் தாமதித்தார். தாமதம் வேண்டுமென்றே செய்யப்பட்டது.

மாற்றத்தின் காரணம்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் பொதுவில் நின்றன. விண்டோஸ் 11 போடலாம் என்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினியை அது படியேற்றுவதில்லை. 2014 மாடலில் அது ஏது?

“நேத்து வரைக்கும் ஓடுச்சு. இன்னிக்கும் ஓடுதே?” என்றார் அப்பா.

“ஓடும்பா. ஆனா ஓட்டை விழுந்தா இனிமே யாரும் அடைக்க மாட்டாங்க.”

“எக்ஸ்பைரி ஆன மாத்திரை மாதிரியா?” என்று அம்மா இடையில் புகுந்தார். உவமை கச்சிதமாக இருந்ததால் தலையாட்டினேன். அப்பாவோ எக்ஸ்பைரி ஆன மாத்திரையை ஆறு மாதம் வரை தாராளமாகச் சாப்பிடலாம் என்ற கொள்கையுடையவர். வாதம் அங்கேயே தோற்றது. அவர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமையன்று காரியத்தைத் தொடங்கினேன்.

களவும் கற்பும்

லினக்ஸுக்கு மாறுதலை அகப்பொருள் இலக்கணத்தால் மட்டுமே சரியாக விளக்க முடியும் என்பது இவ்வாய்வின் துணிபு.

கிட்டத்தட்ட 3 ஜிபி அளவுள்ள மின்ட் கோப்பை ஒரு பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைக் கிளப்பலாம். வன்தட்டில் ஓர் எழுத்தும் பதியாமல் முழு இயங்குதளமும் கண்முன் ஓடும். பென்டிரைவைப் பிடுங்கி மீண்டும் இயக்கினால் எதுவும் நடந்ததற்கான தடயம் இராது. இது களவு. ஊரறியாது, பெற்றோர் அறியார். களவில் எல்லாமே அழகாகத் தெரியும் என்பதும் இலக்கணத்தோடு ஒத்துப்போகிறது.

நிறுவு என்ற பொத்தானை அழுத்துவது வரைவு. அங்கே கணினி ஒரு கேள்வி கேட்கும்: விண்டோஸை அழிக்கவா, பக்கத்தில் வைத்துக்கொள்ளவா? துணிந்தவன் அழிப்பான். பெற்றோரை உடையவன் பக்கத்தில் வைப்பான். இரண்டையும் வைத்துக்கொண்டால் கணினியைக் கிளப்பும்போதெல்லாம் க்ரப் என்னும் பட்டியல் பத்து விநாடி நின்று எந்த வீட்டுக்குப் போகிறாய் என்று கேட்கும். இது மருதத்திணை. அப்பா காலையில் புதினாவில் செய்தி படிப்பார். பதினொரு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் விண்டோஸுக்குப் போவார். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சி இருக்கும். எதற்குப் போகிறார் என்பது பின்னால் வரும்.

பழிகளின் வரலாறு

முதல் பழி காலத்தின்மேல் வந்தது. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போன அப்பா, கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருப்பதைக் கண்டார். காரணம் எளிது. கணினிக்குள் பட்டன் பேட்டரியில் ஓடும் கடிகாரம் ஒன்று இருக்கிறது. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று நம்பிப் படிக்கும். நமக்கும் கிரீன்விச்சுக்கும் இடைவெளி ஐந்தரை மணி. முனையத்தில் ஒற்றை வரி எழுதினால் தீர்ந்துபோகும் சங்கதிதான். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை, மணி பத்தரை. ராகு காலம் தொடங்கும் வேளையில் கணினி விடியற்காலை ஐந்து என்று காட்டியது. ராகு காலத்தைப் பிரம்ம முகூர்த்தமாக்கும் இந்த ஆற்றலைச் சோதிட அறிஞர்கள் இன்னும் கவனிக்கவில்லை. அப்பா கவனித்தார். “நேரமே சரியில்லன்னு சொல்லுவாங்க. நீ நிஜமாவே கெடுத்துட்ட.”

இரண்டாம் பழி எழுத்தின்மேல். சங்கத்தின் பழைய கடிதங்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. ஒருங்குறி பரவுவதற்கு முந்தைய இந்த எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைக் குடியமர்த்தியிருப்பார்கள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் மாறுவேடம் கலைந்துவிடும். லிப்ரே ஆபீஸில் கடிதத்தைத் திறந்தபோது ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கொட்டிக் கிடந்தன. புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. அகவிலைப்படி நிலுவை கேட்டு எழுதிய பதினோரு ஆண்டுக் கடிதங்கள். “தமிழையே அழிச்சிட்டியேடா!” என்றார் முன்னாள் தமிழாசிரியருமான அப்பா. பாமினி கோப்பை நகலெடுத்து வைத்ததும் எல்லாம் உயிர்பெற்றன. உயிர்ப்பித்ததற்குப் பாராட்டு இல்லை. பழியேற்பு விதியில் நன்றிக்கு இடமில்லை என்பது துணை விதி.

மூன்றாவதுதான் ஆய்வுக்கு உரம் சேர்த்தது. தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டியவர்கள் இணையக் கேபிளை அறுத்தார்கள். பழி லினக்ஸுக்கு. அதே வாரம் இட்லி மாவுக்கு உளுந்து போட்ட மிக்ஸி புகைந்தது. மிக்ஸிக்கும் கணினிக்கும் இடையே இரண்டு சுவரும் ஒரு பூஜையறையும் உள்ளன.

“நீ அங்க என்னத்தையோ ஏத்துனதுலேர்ந்து இந்த வீட்ல எதுவுமே சரியில்ல.”

“அம்மா, உங்க போன்ல இருக்கற ஆண்ட்ராய்டுக்குள்ளயும் ஓடுறது லினக்ஸ்தாம்மா.”

அம்மா போனை முந்தானையில் மறைத்தார். “இதுலயும் கைய வச்சிட்டியா?”

அதிகார பலத்தைக் காட்டிப் பார்த்தேன். 2017 நவம்பர் முதல் உலகின் அதிவேக மீக்கணினிகள் ஐந்நூறின் பட்டியலில் ஐந்நூறும் லினக்ஸில்தான் ஓடுகின்றன என்றேன். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

“அவங்கள்லாம் பிரின்ட் எடுப்பாங்களா?”

கைக்கிளை

பதினொரு மணிக்கு அப்பா விண்டோஸுக்குப் போனது இதற்குத்தான். எங்கள் வீட்டு லேசர் பிரிண்டர் கணினியோடு சேர்த்து வாங்கியது. மின்ட் அதைப் பார்க்கிறது, பெயர் சொல்லி அழைக்கிறது, வரிசையில் தாளை அனுப்புகிறது. பிரிண்டர் பச்சை விளக்கைச் சிமிட்டிவிட்டுச் சும்மா இருக்கிறது. ஒருதலைக் காதலுக்கு இலக்கணத்தில் கைக்கிளை என்று பெயர். புதிய பிரிண்டர்கள் பலவும் லினக்ஸில் செருகியதும் ஓடுகின்றன. தன் சொந்த மொழி தவிர வேறு பேசாத பழைய மலிவு மாடல்களோடுதான் இந்தப் பாடு.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் மூலக்கதைகளில் ஒன்றும் பிரிண்டர் கதைதான். 1980 வாக்கில் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வகத்துக்கு ஒரு லேசர் பிரிண்டர் வந்தது. தாள் அடிக்கடி சிக்கியது. சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகும்படி நிரலைத் திருத்தலாம் என்று ஸ்டால்மேன் மூலநிரலைத் தேடிப் போனார். வைத்திருந்தவர் தர மறுத்துவிட்டார். அந்தக் கோபமும் சேர்ந்து விளைந்ததுதான் க்னூ. நாற்பத்தைந்து ஆண்டு கழிந்தது. ஐந்நூறு மீக்கணினியும் வசப்பட்டன. கே.கே. நகர் பிரிண்டர் வசப்படவில்லை.

கட்டுப்பாட்டுச் சோதனை

கருதுகோளைச் சோதிக்காமல் விட்டால் ஆய்வாகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, லினக்ஸை எடுத்துவிட்டுப் பழையபடி ஆக்கிவிட்டதாக வீட்டில் அறிவித்தேன். உண்மையில் செய்தவை இரண்டு. க்ரப் பட்டியலை மறைத்தேன். பின்னணிப் படமாக விண்டோஸ் எக்ஸ்பியின் அந்தப் பச்சைக் குன்றையும் நீல வானத்தையும் வைத்தேன். சார்லஸ் ஓ’ரியர் 1996இல் கலிபோர்னியாவின் சொனோமா பகுதியில் எடுத்த புகைப்படம் அது. அப்பா தலைமையாசிரியராக இருந்த காலமெல்லாம் பள்ளி அலுவலகத்தில் அவர் பார்த்துக்கொண்டிருந்த ஒரே மலை.

அப்பா உட்கார்ந்தார். இரண்டு பக்கம் புரட்டினார். “இப்பதான்டா பழைய வேகம் வந்திருக்கு” என்றார்.

ஐந்து நாள் புகாரில்லை. செவ்வாயன்று மறுபடி இணையம் போனது. பழி பள்ளம் தோண்டியவர்கள்மேல் விழுந்தது. புதனன்று குக்கர் வாஷர் பிய்ந்தது. அது பழையது என்று அம்மாவே சொன்னார். பழியேற்பு விதி ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டதாகக் கருதி, இக்கட்டுரையின் முதல் பத்தியை அன்றிரவே எழுதினேன்.

வெள்ளிக்கிழமை சங்கத்தின் பொதுக்குழு அறிவிப்பை நாற்பது படி அச்சிட வேண்டியிருந்தது. அப்பா பொத்தானை அழுத்தினார். பச்சை விளக்கு சிமிட்டியது. அப்பா பிரிண்டரைப் பார்த்தார், பச்சைக் குன்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நாற்பது ஆண்டு காப்பியடித்த பையன்களைப் பிடித்தவர்.

க்ரப் பட்டியல் அன்றே மீண்டும் தோன்றியது. கடிகாரத்துக்காக முனையத்தில் எழுத வேண்டிய அந்த ஒற்றை வரியை ஆய்வாளர் இன்னும் எழுதவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். 2014 வாக்கில் விற்ற மலிவு லேசர் பிரிண்டரை லினக்ஸில் பேசவைத்த அனுபவமுள்ள வாசகர் எவரேனும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வரவும். காபி உண்டு. அப்போது எங்கள் வீட்டின் இரண்டு கடிகாரங்களிலும் ராகு காலம் இல்லை.