கடைசி மணி நேரம்

மெரினாவில் இன்னொரு சிலை வைக்க யாராவது ஆள் தேடிக்கொண்டிருந்தால், என் சிபாரிசு நாசோ சீனியர். ஆக்ஸ்போர்டில் அரசியல் பொருளாதாரம் கற்பித்த பேராசிரியர். 1837இல் ஒரு கணக்குப் போட்டார். பஞ்சாலை நாளொன்றுக்குப் பதினொன்றரை மணி நேரம் ஓடுகிறது. அதாவது 23 அரைமணிகள். முதல் 20 அரைமணி, போட்ட பணத்தை மீட்கவே சரியாகப் போகிறது. அடுத்தது, கட்டடமும் இயந்திரமும் தேய்ந்த கணக்கில் போகிறது. கடைசி இரண்டில்தான் முதலாளி நிகர லாபத்தைக் கண்ணால் பார்க்கிறார். ஆகவே வேலையில் ஒரு மணி நேரத்தைக் குறைத்தால் லாபம் பூஜ்யம், தொழில் அம்போ. அதுவரை பத்தரை மணி நேரம் அவர் தர்மசத்திரம் நடத்திக்கொண்டிருந்தார் போலும்!

1847இல் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பத்து மணி நேரச் சட்டம் வந்தது. பஞ்சாலைச் சீமையான லங்காஷயர் மூழ்கவில்லை. ஆலைகள் பெருகின. கணக்கு செத்தது, கணக்குப்பிள்ளை சாகவில்லை. ஊருக்கு ஊர் அவதாரம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஆலைக்கு முந்தைய காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. கைத்தறிக்காரனுக்கும் கடன் இருந்தது, பசி இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் குடியின் மயக்கம் தெளியத் திங்கட்கிழமையும் வேலைக்கு மட்டம் போட்டு, அதற்குப் ‘புனிதத் திங்கள்’ என்று பெயரும் வைக்கிற தெம்பு இங்கிலாந்துத் தொழிலாளிக்கு இருந்தது. ஆலை வந்து அந்தப் புனிதரைக் கொன்றது. விடிகாலையில் நீளக் கழியால் ஜன்னலைத் தட்டி எழுப்ப ஆள் வந்தான். அவனுக்குக் கூலி? தூக்கம் கெட்டவன் பையிலிருந்துதான். ஆலைக்குள்ளே கடிகாரம் காலையில் முன்னால் ஓடியது, மாலையில் பின்வாங்கியது. சூரியன்கூட அத்தனை விசுவாசமாக எந்த முதலாளிக்கும் உழைத்ததில்லை.

இன்னொரு அறிஞர், ஆண்ட்ரூ யூர். ஆலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1835இல் புத்தகமே எழுதினார்: அங்கே பிள்ளைகள் குதூகலமாக இருக்கிறார்கள், வேலை அவர்களுக்கு விளையாட்டு மாதிரி. ஒன்பது வயது நிரம்பாத பிள்ளையைப் பஞ்சாலையில் வைக்காதே என்று 1819இல் ஒரு சட்டம் போட்டு, அது காகிதத்திலேயே கிடந்ததால் 1833இல் இன்ஸ்பெக்டர்களை வைத்து இன்னொன்று போட வேண்டியிருந்த நாட்டில், இந்த விளையாட்டு! யூர் தன் வீட்டுப் பிள்ளைகளை அந்த மைதானத்துக்கு அனுப்பினதாகத் தகவல் இல்லை.

நம்மூருக்கு வருவோம். 1918இல் பெரம்பூர் பி அண்ட் சி ஆலைத் தொழிலாளிகள் சென்னைத் தொழிலாளர் சங்கம் கட்டியபோது அவர்களுடைய பெரிய குறைகளில் ஒன்று, மதியச் சோறு தின்னக் கிடைத்த அரைமணி போதவில்லை என்பது. சொர்க்கம் கேட்கவில்லை, சோற்றை மென்று விழுங்க நேரம் கேட்டார்கள். 1923இல் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். இந்தியாவில் அதுதான் முதல் மே தினம்.

அதன் நூற்றாண்டை எப்படிக் கொண்டாடலாம்? 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றம் ஒரு வழி கண்டுபிடித்தது: பன்னிரண்டு மணி நேர வேலைக்குக் கதவு திறக்கும் திருத்தம். குரல் வாக்கெடுப்பு. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. வாரத்துக்கு 48 மணிதானே, நாலு நாள் உழைத்தால் மூன்று நாள் லீவு, அதுவும் விரும்புகிறவர்களுக்கு மட்டும் என்று அரசுத் தரப்பில் விளக்கினார்கள். விரும்புகிறவர்கள்! ஒப்பந்தக் கூலிக்குப் போகிற பெண், விடியுமுன் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிறவள், சூப்பர்வைசர் நீட்டுகிற தாளைப் பார்த்து, “சார், எனக்கு இதில் விருப்பமில்லை” என்று சொல்லிவிட்டு மறுநாளும் அதே பஸ்ஸில் ஏறுவாளாம். இந்தக் கதையை நம்புகிறவர்கள்தான் சட்டம் போடுகிறார்கள்.

மூன்று நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று வாபஸ். சுட வந்தவன் துப்பாக்கியை உறையில் போட்டதற்கு நன்றி சொல்லிக் கைதட்டினோம்.

சீனியர் அவ்வளவு லேசில் ஓய்வாரா? 2025 ஜனவரியில் ஒரு பெருநிறுவனத் தலைவர் வாரத்துக்குத் தொண்ணூறு மணி நேரம் உழைக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எவ்வளவு நேரம்தான் பெண்டாட்டி முகத்தையே பார்ப்பாய் என்று கேட்டார்.

சிலைக்கு இடமில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். மெரினா உழைப்பாளர் சிலையில் நாலு பேர் 1959இலிருந்து ஒரு பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஷிப்டு கிடையாது, ஓவர்டைம் கிடையாது, ‘விருப்பமா’ என்று யாரும் கேட்டதும் கிடையாது. பேராசிரியரை அந்தப் பாறை மேலேயே உட்காரவைத்துவிடலாம்.