கேர்னல் கட்டுநர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கணினிப் பயனர்களிடையே எண்ணிக்கையில் அருகியும் ஓசையில் மிகுந்தும் காணப்படும் ஒரு வகையினர் கேர்னல் கட்டுநர் ஆவர். கேர்னல் எனப்படுவது இயங்குதளத்தின் கரு. செயலிகளுக்கும் வன்பொருளுக்கும் நடுவே நின்று நினைவகத்தையும் நேரத்தையும் பங்கிட்டுக் கொடுப்பது அதுவே. 1991இல் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கேர்னலின் மூலநிரல், அதாவது மனிதர் எழுதிப் படிக்கும் வடிவிலுள்ள நிரல், இன்று ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வெளிவருகின்றது. உபுண்டு போன்ற வழங்கல்கள் அதனைக் கட்டி முடித்தே தருவதால் ஏனையோர் இதுபற்றிக் கவலைகொள்வதில்லை. கட்டுநரோ பிறர் கட்டிய கேர்னலைக் கடைச் சாப்பாடாகவே மதிப்பவர்.

மூலநிரலைப் புதுப்பித்ததும் அவர் பழைய அமைவுக் கோப்பை உள்ளே நகலெடுத்து, ‘மேக் ஓல்ட்கொன்ஃபிக்’ என்ற கட்டளையை இடுகிறார். அது முந்திய பதிப்பில் இல்லாத தெரிவுகளை மட்டும் ஒவ்வொன்றாக வினவும். உறுதியாகத் தெரியாவிடின் ‘இல்லை’ என விடையளிக்குமாறு பல வினாக்களின் குறிப்பே அறிவுறுத்துகின்றது. தெரியாது என எவரிடமும் ஒப்புக்கொண்டறியாத கட்டுநர், அறையில் வேறெவரும் இல்லாத துணிவில், அவ்வறிவுரைக்கு முழுமையாகப் பணிகிறார். பின்னர், வன்பொருளோடு பேசும் நிரற்பகுதிகளாகிய இயக்கிகளுள் தேவையற்றவை எனத் தமக்குத் தோன்றுவனவற்றை நீக்கி, பதிப்பெண்ணின் வாலில் விரும்பிய சொல்லைச் சேர்ப்பதற்கென உள்ள இடத்தில் ‘கொக்குவில்’ எனத் தம் ஊர்ப்பெயரைப் பொறிக்கிறார். உண்மையில், முழு முயற்சியும் இவ்வொரு சொல்லுக்காகவே எனக் கொள்வதில் பெரும் பிழையில்லை.

அடுத்தது தொகுத்தல், அதாவது மூலநிரலைப் பொறிமொழியாக்கும் பணி. பழைய மடிக்கணினியில் இது மணிக்கணக்கில் நீள, விசிறியின் இரைச்சல் குசினிவரை கேட்கும்.

“தம்பி, சோறு ஆறுது.”

“இந்தா முடியுதம்மா.”

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை நீண்டபோது, இவ்வகையினர் மின்வெட்டு அட்டவணையில் நல்லநேரம் பார்த்தே தொகுத்தலைத் தொடங்க வேண்டியிருந்தது. மேக் என்னும் கருவி கோப்புகளின் நேரமுத்திரைகளை ஒப்பிட்டு, மாறியவற்றையும் எஞ்சியவற்றையும் மட்டுமே தொகுக்கும் என்பதால், இடையில் நின்ற வேலையைப் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். கட்டுநர் இதை நன்கறிவார். அறிந்தும், மனத்திருப்திக்காக யாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்தே தொடங்குவார்.

தொகுத்த கேர்னலின் கூறுகளை நிறுவி, அதனைத் தொடக்க அடைவில் வைத்து, கணினியை மீளத் தொடக்கியதும் ‘யூநேம்’ கட்டளை ஊர்ப்பெயரோடு பதிப்பெண்ணைக் காட்டுகிறது; அது படம்பிடிக்கப்பட்டு நண்பர் அனைவருக்கும் அனுப்பப்படுகிறது. அன்றிரவு ஸ்காபரோவிலிருந்து பெரியம்மாவின் காணொளி அழைப்பு வரும்போதுதான், நீக்கப்பட்டவற்றுள் கமராவின் இயக்கியும் ஒன்று என்பது தெரியவருகிறது.

“தம்பி, உன்ர முகத்தைக் காணேல்லை.”

“உங்கட பக்கம் லைன் சரியில்லை, பெரியம்மா. வைச்சிட்டு அஞ்சு நிமிசத்தால எடுங்கோ” என்று கூறிவிட்டு, கட்டுநர் கணினியை மீளத் தொடக்கி, தொடக்கப் பட்டியலில் உபுண்டு கட்டித் தந்த பழைய கேர்னலைத் தெரிவுசெய்கிறார்.